பூச்சியும் நோயும்: மருந்து வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

செடியில் கோளாறு என்றதும் "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் பாதி தாண்டித்தான் வருகிறது. அதற்கு முன் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

இது பூச்சியா, நோயா, சத்துக் குறைவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு செடியை உற்றுப் பார்ப்பதற்கு முன் சற்றுத் தள்ளி நின்று மொத்த நிலத்தையும் பாருங்கள். எல்லாச் செடியும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் பெரும்பாலும் சத்துக் குறைவு, அல்லது தண்ணீர், உப்புப் பிரச்சினை. அங்கங்கே திட்டுத் திட்டாகத் தொடங்கி ஒவ்வொரு வாரமும் அகலமானால் மண்வழி நோயோ, வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவோ இருக்கலாம். வரப்போரத்திலிருந்து உள்ளே நகர்ந்து வந்தால் பறந்தோ ஊர்ந்தோ வந்த பூச்சியைச் சந்தேகப்படலாம்.

அடுத்து இலை. கடித்த தடம், எச்சம், பின்னிய நூல், பிசுபிசுப்பு இருந்தால் பூச்சி. வளையம் வளையமாகப் புள்ளி, அடிப்பக்கத்தில் பொடி, நீர் கோத்தது போன்ற திட்டு என்றால் நோய். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு; நுனியிலுள்ள இளம் இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. இதற்குப் பூஞ்சைக்கொல்லி அடித்துப் பயனில்லை. இலையைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். அசுவினி, வெள்ளை ஈ, சிலந்திப் பேன், அடிச்சாம்பல் நோய் எல்லாமே கீழ்ப்பக்கத்தில்தான் குடியிருக்கும்.

செடி திடீரென்று வாடுகிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது. என்ன காரணம்?

இதற்கு ஆய்வகம் போகாமலே ஓரளவு விடை கிடைக்கும். வாடிய செடியின் அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடித் தம்ளரில் வெட்டுமுனை மட்டும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் போல நூல்நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். எதுவும் இறங்காமல், தண்டைப் பிளந்தால் உள்ளே குழாய்த் திசு பழுப்பாகத் தெரிந்தால் ஃபியூசேரியம் போன்ற பூஞ்சை வாடலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வேரையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. பயறு வகைச் செடிகளில் மட்டும் குழப்பம் வரும், ஏனென்றால் அவற்றுக்கு நல்ல முடிச்சுகளும் உண்டு. தேய்த்தால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது தழைச்சத்தைச் சேமிக்கும் நல்ல முடிச்சு. வேரே வீங்கி, பிரிக்க முடியாமல் இருப்பது நூற்புழு.

பூச்சி, நோய் இரண்டுக்கும் ஒரே அணுகுமுறைதானே?

இல்லை. பூச்சியைப் பார்த்த பிறகு யோசிக்க அவகாசம் உண்டு. எண்ணலாம், இயற்கை எதிரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம், மூன்று நாள் காத்திருக்கலாம். நோய் அப்படியில்லை. இலையில் புள்ளி தெரிகிறது என்றால் பூஞ்சாணம் பல நாட்களுக்கு முன்பே உள்ளே போய்விட்டது. அந்தப் புள்ளியை எந்த மருந்தும் பச்சையாக்கித் தராது. இன்னும் நோய் தொற்றாத இலைகளைத்தான் காப்பாற்ற முடியும். அதனால் பூச்சிக்குக் கண்காணிப்பு முதலில், நோய்க்குத் தடுப்பு முதலில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பூச்சிக்கு நாள்காட்டி வைத்து அடிக்கிறார்கள். நோய்க்கோ முற்றும்வரை பொறுக்கிறார்கள்.

பூச்சி கண்ணில் பட்டதும் அடிக்காமல் விட்டால் பெருகிவிடாதா?

பெருகலாம், பெருகாமலும் போகலாம். செடி சேதம் தாங்கக் கூடியது. நெற்பயிரில் நட்ட முதல் 30, 40 நாட்களில் இலைச்சுருட்டுப் புழு தின்கிற இலையைப் பயிர் புதுத் தூர்களாலும் இலைகளாலும் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அந்தப் பருவத்தில் அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண். பழத்தையே துளைக்கும் புழுவை அப்படி விட முடியாது. ஒரு துளை விழுந்தாலே அந்தப் பழம் போச்சு.

"எத்தனை பூச்சி இருந்தால் அடிக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு 1959-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த நான்கு பூச்சியியலாளர்கள் ஒரு வரையறை கொடுத்தார்கள். பூச்சியால் வரும் இழப்பு, அதைத் தடுக்க ஆகும் செலவை எட்டும் அளவு ஒன்று உண்டு. அதை எட்டுவதற்குச் சற்று முன்பே, எட்டாமல் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். இதைத்தான் பொருளாதாரச் சேத நிலை என்றும் அதற்கு முந்தைய எச்சரிக்கை நிலை என்றும் சொல்கிறோம். பயிருக்குப் பயிர், பருவத்துக்குப் பருவம் இந்த எண் மாறும். வயலில் குறுக்காக நடந்து பத்து இருபது செடிகளைப் பார்த்து எண்ணி எழுதி வைப்பதுதான் வேலை. வாசலில் நின்று முதல் செடியைப் பார்த்து முடிவு செய்வது கண்காணிப்பு ஆகாது.

அடித்த பிறகு பூச்சி முன்பைவிட அதிகமாகிவிட்டது. இது எப்படி?

நெற்பயிரைத் தாக்கும் புகையான் இதற்குச் சரியான உதாரணம். வயலில் சிலந்திகளும் நாவாய்ப் பூச்சிகளும் புகையானைத் தின்றுகொண்டிருக்கும். பல வகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தை அடித்தால் முதலில் சாவது இவைதான். புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வெளியே வரும்போது தின்ன ஆளில்லை. இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது இந்தக் காரணத்துக்காகத்தான். விளைச்சல் சரிந்துவிடவில்லை.

சிலந்திப் பேனும் இப்படித்தான். அது பூச்சியே அல்ல, எட்டுக்கால் இனம். பைரித்ராய்டு வகை மருந்துகள் அதன் எதிரிகளை ஒழித்துவிட்டு அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டே வாரத்தில் இலையெல்லாம் வெண்கலம் பூசினாற்போல ஆகிவிடும்.

நன்மை செய்யும் பூச்சி எது என்று எப்படித் தெரியும்?

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் புழுவைப் பலருக்குத் தெரியாது. கறுப்பாக, முள் முள்ளாக, குட்டி முதலை போல இலையில் ஓடும். பார்த்தால் பயிரைத் தின்ன வந்த எதிரி என்றே தோன்றும். நானும் ஆரம்பத்தில் பல நாள் நசுக்கியிருக்கிறேன். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் வண்டின் புழு இன்னும் மோசமாக ஏமாற்றும், அதுவும் மாவு பூசிக்கொண்டே திரியும். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒட்டிக் கிடக்கும், இது நீளமான மெழுகு இழைகளோடு சுறுசுறுப்பாக நடக்கும்.

மெல்லிய இழையின் நுனியில் கடுகைவிடச் சிறிய முட்டை தனித்தனியாக நின்றால் அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. பூசணம் என்று நினைத்துத் துடைத்துவிட வேண்டாம். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பு நிறக் காகிதம் போலக் கிடந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. இவற்றை ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் பார்த்தாலே நான் மருந்துக் கேனைத் தொடமாட்டேன்.

எறும்பைக் கவனியுங்கள். அசுவினி, மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கும். குளவியையும் பொறிவண்டையும் விரட்டும். எறும்பு ஏறும் வழியை அடைத்தால் மாவுப்பூச்சி பாதி அடங்கும்.

வெளியிலிருந்து எதிரிப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் போதுமா?

சரியான பூச்சியாக இருந்தால் அற்புதம் நடக்கும். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை 1880-களில் பஞ்சுச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று கண்டு, அங்கேயே போய் அதன் எதிரியைத் தேடினார் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே. 1888-89-இல் அவர் அனுப்பிய வெடாலியா என்ற சின்ன வண்டு ஓரிரு ஆண்டில் தோட்டங்களைக் காப்பாற்றியது. பிறகு 1940-களில் அதே பகுதியில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை அடித்தபோது வண்டு செத்தது, செதில் பூச்சி திரும்ப வந்தது. ஆப்பிரிக்காவில் மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்கியதும் தென்னமெரிக்காவில் தேடிப் பிடித்த ஒரு ஒட்டுண்ணிக் குளவிதான். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. 1935-இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஆஸ்திரேலியாவில் கரும்புத் தேரையை விட்டார்கள். வண்டு அடங்கவில்லை. விஷத் தேரை நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பரவி இன்றுவரை தலைவலி. எதையும் தின்னும் பிராணியை ஏவினால் அது நாம் நினைத்ததை மட்டும் தின்னாது. வெடாலியா வென்றதற்குக் காரணம் அது அந்தச் செதில் பூச்சியையே நம்பி வாழ்வதுதான்.

சிறிய அளவில் வாங்கி விடக்கூடியது டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணி. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். ஒட்டுண்ணி தாக்கிய முட்டைகளை ஒட்டிய அட்டையாகக் கிடைக்கும். அந்து பறக்கத் தொடங்கும்போதே கட்ட வேண்டும். புழு பொரித்துவிட்டதா? அப்புறம் அட்டையால் ஒரு பயனும் இல்லை.

பொறிகள் பூச்சியை ஒழிக்குமா?

பெரும்பாலும் அவை ஒழிக்க அல்ல, தெரிந்துகொள்ள. மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈ, அசுவினி, இலைத்துளைப்பான் ஈ ஆகியவற்றைக் கவரும். இலைப்பேனுக்கு நீலம் நன்றாக வேலை செய்யும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் மட்டுமே விழும். ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியது என்பதால் தப்பிய சில ஆண்களே போதும். ஆனால் எந்த வாரம் எண்ணிக்கை ஏறுகிறது என்று அது சொல்வதை வைத்து முட்டை ஒட்டுண்ணி விடும் நாளையும் மருந்தடிக்கும் நாளையும் குறிக்கலாம். அந்தத் தகவலுக்காகவே கட்டலாம். விளக்குப் பொறியை விடிய விடிய எரிய விட வேண்டாம், நல்ல பூச்சிகளும் அதில் விழும்.

நோய் வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

நோய் வர மூன்றும் சேர வேண்டும்: நோய்க்கிருமி, அதற்கு இடம் கொடுக்கும் பயிர், ஏற்ற சூழ்நிலை. ஒன்றைக் கெடுத்தால் போதும்.

சூழ்நிலையைக் கெடுப்பதுதான் மலிவானது. பல பூஞ்சாணங்கள் முளைக்க இலை சில மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். மாலையில் இலை மேல் தண்ணீர் தெளித்தால் இரவு முழுக்க நனைந்தே இருக்கும். அதே தண்ணீரைக் காலையில் வேரில் விட்டால் ஒன்றும் ஆகாது. இடைவெளி விட்டு நடுவது, அடிக்கிளைகளைக் கழிப்பது, வடிகால் எடுப்பது எல்லாம் இலை சீக்கிரம் காய்வதற்காகத்தான். நாற்றழுகலுக்கு மருந்தைவிட, நெருக்கமாக விதைக்காமலும் அளவாகத் தண்ணீர் விட்டும் வளர்ப்பது பலன் தரும்.

பயிரின் பக்கத்தில் எதிர்ப்பு ரகமும் ஒட்டு நாற்றும் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சையை வேரில் தாக்கும் ஃபைலாக்செரா என்ற பூச்சி அழித்தபோது, அதைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேர்ப்பகுதியில் ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள். ஆனால் ஒரே ரகத்தை எங்கும் நடுவது ஆபத்து. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியபோது பெரும்பகுதி நிலத்தில் இருந்தது ஒரே வகைக் கிழங்கு. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். வாழையில் உலகச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷெல் ரகத்தை 1960 வாக்கில் வாடல் நோய் ஓரங்கட்டியது. இடத்தைப் பிடித்த காவெண்டிஷுக்கும் இப்போது அதே பூஞ்சையின் புதிய வகை வந்துவிட்டது.

கிருமியைக் குறைக்க: சுத்தமான விதை, விதை நேர்த்தி, நோய்ச் செடிகளை அகற்றுவது, பயிர் சுழற்சி. சுழற்சியில் ஒரு குழப்பம் உண்டு. தக்காளிக்குப் பிறகு கத்தரி, அதற்குப் பிறகு மிளகாய் போடுவது சுழற்சி அல்ல. மூன்றும் ஒரே குடும்பம், பாக்டீரியா வாடலுக்கு மூன்றும் விருந்து. நல்ல வெயில் காலத்தில் ஈர மண்ணை ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடினால் மேல்மண்ணில் உள்ள பல கிருமிகளும் களை விதைகளும் சாகும். கறுப்புத் தாள் அந்த அளவுக்குச் சூடேற்றாது.

வைரஸ் நோய்க்கு மருந்து உண்டா?

இல்லை. தேமலும் இலைச்சுருளும் வந்த செடியைப் பிடுங்கிவிடுவதைத் தவிர வழியில்லை. வைரஸைச் சுமந்து வரும் வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேனைத் தடுப்பதும் நாற்றை வலைக்குள் வளர்ப்பதும்தான் பாதுகாப்பு. புகையிலைத் தேமல் வைரஸைப் பூச்சி அல்ல, கையும் கத்தியும் பரப்பும். அதனால் புகைத்த கையோடு தக்காளிச் செடியைத் தொடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

வேப்பங்கொட்டைக் கரைசல் எனக்கு வேலை செய்யவில்லையே?

உடனே சாக வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்ன விடாமல் செய்யும், தோலுரிப்பைக் குலைக்கும். புழு நாலைந்து நாள் உயிரோடு இருக்கும், தின்னாது. முற்றிய புழுவிடம் பெரிதாக எடுபடாது. 10 லிட்டருக்கு அரை கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். வெயில் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். வாரம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். பழைய, பூசணம் பிடித்த கொட்டை என்றால் உழைப்புதான் மிச்சம்.

பிடி, டிரைக்கோடெர்மா போன்ற உயிரி மருந்துகள்?

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா, சுருக்கமாகப் பிடி (Bt), இலையோடு சேர்த்துத் தின்றால்தான் வேலை செய்யும். புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் நச்சு கரைந்து குடலைத் துளைக்கும். சில மணி நேரத்தில் தின்பது நிற்கும், இரண்டு மூன்று நாளில் சாவு. சாறுறிஞ்சும் பூச்சிக்கு இதை அடிப்பதில் பயனில்லை. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் வேரழுகலுக்கும் நாற்றழுகலுக்கும் தடுப்பு. நன்கு மக்கிய எருவில் கலந்து, ஈரம் காத்து, நோய் வருமுன்பே மண்ணில் இட வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் செடியைச் சுற்றி ஊற்றி அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். உயிருள்ள பொருள் என்பதால் காலாவதித் தேதியைப் பார்த்து, வெயிலில் வைக்காத கடையில் வாங்குங்கள்.

போர்டோ கலவையைச் சரியாகத் தயாரிப்பது எப்படி?

பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் நீலக் கலவை பூசுவார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைக் கண்ட தாவரவியலாளர் மில்லார்டே 1885-இல் அதை மருந்தாக அறிவித்தார்.

ஒரு சதக் கலவைக்கு 10 லிட்டர் தண்ணீர், 100 கிராம் மயில்துத்தம் (செப்பு சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. பாதித் தண்ணீரில் துத்தத்தையும் மீதியில் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரையுங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம், இரும்பு கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். பளபளக்கும் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது; படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். அன்றே அடித்து முடித்துவிடுங்கள்.

சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பலுக்கும் ஒரே மருந்துதானா?

பெயர்தான் ஒன்று போல, உறவே இல்லை. சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டியதில்லை, காற்றில் ஈரப்பதம் போதும். இலை மேல் வெண்பொடி தெரியும். நனையும் கந்தகம் அதற்கு நல்லது, ஆனால் கடும் வெயிலில் அடித்தால் பூசணி, வெள்ளரி இலைகள் கருகும். எண்ணெய் மருந்து அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள். அடிச்சாம்பல் நோயை உண்டாக்குவது உண்மையான பூஞ்சையே அல்ல, உருளைக்கிழங்குக் கருகல் நோய்க் கிருமியின் உறவு. கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது. செம்பு, மேன்கோசெப் தடுக்கும். மெட்டலாக்சில் உள்ளே ஊடுருவும்.

போன வருடம் கேட்ட மருந்துக்கு இந்த வருடம் பூச்சி சாகவில்லை. கலப்படமா?

கலப்படமாகவும் இருக்கலாம், ஆனால் எதிர்ப்புத்திறன்தான் முதல் சந்தேகம். இது புதிதும் அல்ல. கந்தகச் சுண்ணாம்புக்குச் செதில் பூச்சி சாகவில்லை என்று அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர் 1914-லேயே எழுதினார். முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி டிடிடி முதல் பிடி வரை வந்ததையெல்லாம் சமாளித்துவிட்டது. நோய்களும் சளைத்தவை அல்ல. 1970-களின் இறுதியில் வந்த மெட்டலாக்சிலுக்குக் கருகல் நோய் சில ஆண்டிலேயே பழகிவிட்டது.

மருந்தை மாற்றும்போது பலர் செய்யும் பிழை, பெயரை மட்டும் மாற்றுவது. டப்பாவின் நிறமும் பெயரும் வேறு, உள்ளே இருப்பது ஒரே மூலப்பொருள். மூலப்பொருள் வேறாக இருந்தாலும் தாக்கும் விதம் ஒன்றாக இருக்கலாம். தாக்கும் விதத்தை வைத்து மருந்துகளைக் குழுக்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள்; இமிடாகுளோப்ரிட், தயாமெதாக்சாம் இரண்டும் ஒரே குழு, எண் 4. பல நாடுகளில் லேபிளிலேயே இந்தக் குழு எண் அச்சாகியிருக்கும். பூச்சியின் ஒரு தலைமுறைக்கு ஒரு குழு, அடுத்த தலைமுறைக்கு வேறு குழு என்று மாற்றுங்கள்.

இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து அடித்தால் வேலை மிச்சமாகுமே?

வேண்டாம். எது வேலை செய்தது என்றும் தெரியாது, இலை கருகினால் எதனால் என்றும் தெரியாது. போர்டோ கலவை காரத்தன்மை உள்ளது. அதோடு சேர்ந்தால் பல பூச்சிக்கொல்லிகள் சிதைந்துவிடும்.

இயற்கையானது என்றால் ஆபத்து இல்லைதானே?

புகையிலைக் கஷாயம் இயற்கைதான். அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவே உடலில் ஏறி வாந்தி, மயக்கம் வரை கொண்டுபோகும். கையுறையும் முகக்கவசமும் எந்த மருந்துக்கும் வேண்டும். எதை அடித்தாலும் பூ திறந்து தேனீ வரும் நேரத்தைத் தவிர்த்து, காற்று பலமாக வீசாத மாலையில், வீசும் காற்றுக்கு முதுகு காட்டி அடியுங்கள். அறுவடைக்கு முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும். அதற்குள் பறித்தால் மருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடும்.

அடித்தது வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வரிசையை அடிக்காமல் விடுங்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடியில் எண்ணுங்கள். மழையாலும் இயற்கை எதிரிகளாலும் தானாகவே குறைந்த பூச்சிக்கு மருந்து பெயர் வாங்கிக்கொள்வது மிகச் சாதாரணம். அடிக்காத வரிசையிலும் அதே அளவு குறைந்திருந்தால் அடுத்த முறை கடைக்குப் போகும் செலவு மிச்சம்.